டவுனுக்குப் போன சர்வர்

இந்தக் கதையில் வருகிற நாலு பேரும் நல்லவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப் போகச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

திருநெல்வேலியைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த ஊரில் ரயில் நிற்கிற பக்கத்துக்கு ஜங்ஷன் என்று பெயர். நெல்லையப்பர் கோயில் இருக்கிற பக்கத்துக்கு டவுன் என்று பெயர். நடுவில் ஒரு பாலம். ஜங்ஷனில் இருக்கிற பொருள் டவுனில் இருக்காது. டவுனில் இருக்கிற பொருள் ஜங்ஷனில் இருக்காது. இது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். நம்முடைய நாலு பேருக்கும் நன்றாகத் தெரியும். வந்த வினையே அவர்களுக்கு அது தெரிந்திருந்ததுதான்.

ஜங்ஷனில் செங்காந்தள் டிராவல்ஸ் என்று ஒரு பஸ் கம்பெனி. பதினாறு பஸ் ஓடுகிறது. முதலாளி பெயர் சிதம்பரவேல். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய கல்யாணத்துக்குப் பெண் வீட்டுப் பக்கமிருந்து நாலு பேர் வந்தார்கள். பந்தி முடிந்து கிளம்பினபோது முதலாளி மரியாதைக்கு, "என்ன அவசரம்? இருந்துட்டுப் போங்களேன்" என்றார். இருந்தார்கள். எப்போது போக வேண்டும் என்று அவர் சொல்ல மறந்துவிட்டார். அவர்களும் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தவில்லை.

மூத்தவர் உக்கிரபாண்டி. முதலில் டிரைவராக இருந்தார். ஒருநாள் கயத்தாறு தாண்டி ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால் 'மெதுவாகச் செல்லவும்' என்ற போர்டைப் பார்த்தார். 'இனி வேகமாகச் செல்லவும்' என்று மேற்கொண்டு எங்கேயும் போர்டு வராததால், பஸ் சென்னைக்கு மறுநாள் ராத்திரி போய்ச் சேர்ந்தது.

அடுத்தவர் ஆவுடையப்பன், கண்டக்டர். 'படியில் யாரும் நிற்கக் கூடாது' என்ற சட்டத்தை அவர் அமலாக்கிய ஒரு வாரமும் படியில் கால் வைத்து ஒருத்தரும் பஸ்ஸுக்குள் ஏற முடியவில்லை.

மூன்றாவது நயினார். பார்சல் பிரிவில் இருந்தார். "கண்ணாடிச் சாமான், நல்லாப் பாத்துக்கோ" என்று ஒரு பெட்டியைக் கொடுத்தார்கள். கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பெட்டியை ஏற்ற வேண்டிய பஸ் போய்விட்டது.

நாலாவது கொம்பையா. அவர் எந்த வேலையிலும் இருந்ததில்லை. மற்ற மூன்று பேரும் செய்வதற்கு உதவி செய்வார்.

இவர்களை எங்கே வைத்தால் சேதம் குறைவு என்று யோசித்து, முதலாளி கடைசியில் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் ரூமில் கொண்டுபோய் உட்கார வைத்தார். "இங்க ஒண்ணும் செய்யாம இருங்க, அது போதும்" என்றார். மூன்று வருஷமாக அந்த வேலையை அவர்கள் ஒரு குறையும் இல்லாமல் செய்துவந்தார்கள்.

அந்த ரூமில் நிஜமாக வேலை பார்த்தது ஜெபக்கனி என்கிற பெண் ஒருத்திதான். பஸ்ஸில் எந்த சீட்டு காலி, எந்த சீட்டு போயிற்று என்று எல்லா ஊர் கவுண்டருக்கும் சொல்கிற சர்வர் ஒன்று அங்கே இருந்தது. ஒரு தகரப் பெட்டி அளவுதான். அதன் பின்னால் இருபது வயர். ஒவ்வொரு வயருக்கும் ஒரு கலர் ஸ்டிக்கர், அது போக வேண்டிய ஓட்டைக்கும் அதே கலர் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தாள். அவ்வளவு ஒழுங்கான பெண்.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு நாசரேத் பக்கம் அவள் ஊர் கிறிஸ்தவக் கோயிலில் கல்யாண ஆராதனை. அதே வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத்தான் தீபாவளி டிக்கெட் புக்கிங் திறக்கிறது. எல்லா கம்பெனியும் அன்றைக்குத்தான் திறக்கும். பத்து மணிக்கு சர்வர் பேசாவிட்டால், பத்தேகாலுக்குள் ஜனம் வேறு கம்பெனிக்குப் போய்விடும். பதினாறு பஸ்ஸும் தீபாவளிக்குக் காற்றை ஏற்றிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

"எல்லாம் செட் பண்ணிட்டேன் சார். பத்து மணிக்குத் தானாத் திறந்துக்கும். யாரும் எதையும் தொட வேண்டாம்" என்றாள் முதலாளியிடம்.

இதோடு போயிருந்தால் இந்தக் கதை இல்லை. பொறுப்பான பெண் அல்லவா? எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு தாளில் குறிப்பு எழுதி உக்கிரபாண்டியின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். சின்னக் குழந்தைகூடத் தப்புப் பண்ண முடியாத மாதிரி எழுதியிருந்தாள். சின்னக் குழந்தை பண்ணியிருக்காது என்பது உண்மைதான்.

புதன்கிழமை காலை உக்கிரபாண்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வாசித்தார்.

"ஒண்ணு. உள்ளே போனதும் லாகின் செய்யவும்."

"லாக் இன்னா என்ன அண்ணாச்சி?" என்றார் கொம்பையா.

"லாக்குன்னா பூட்டு. இன்னுன்னா உள்ளே. உள்ளே போயிப் பூட்டிக்கணும்."

உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. டீ வாங்கப் போன கொம்பையா வெளியே நின்றுகொண்டிருந்தார்.

"கதவைத் திறங்க அண்ணாச்சி, டீ ஆறுது."

"திறந்தா லாகின் போயிருமே. நீ வெளிய நிக்கிறதால உனக்கு லாக் அவுட்டு. அதைப் பத்தித் தாள்ல ஒண்ணும் போடலை. டீயை மட்டும் வராந்தா ஜன்னல் வழியாக் குடு."

கொம்பையா டீயை ஜன்னல் வழியாகக் கொடுத்தார். பிறகு அவரும் அதே வழியாக வந்தார். கதவைத் திறக்கவில்லை என்பதால் விதி மீறவில்லை.

"ரெண்டு" என்றார் உக்கிரபாண்டி. "தினமும் பேக்கப் எடுத்து, ஆபீசுக்கு வெளியே பத்திரமான இடத்தில் வைக்கவும்."

பேக்கப் என்பது என்ன என்று அவர்களுக்குத் தெரியும். மேஜை மேல் 'பேக்கப்' என்று ஸ்டிக்கர் ஒட்டி, சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்பு டப்பா இருந்தது. அதை எடுத்தார்கள். எங்கே வைப்பது?

"கோயில் உண்டியல்ல போட்டிருவோமா?" என்றார் ஆவுடையப்பன்.

"அப்புறம் எடுக்க முடியாதுல்லா" என்றார் நயினார்.

"எடுக்க முடியாததுதானவே பத்திரம்?"

இது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் நயினார் மூன்று நிமிஷம் கண்ணை மூடி யோசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "திருடன் எதை எடுப்பான்? ஒரே எடத்துல இருக்கிறதைத்தான் எடுப்பான். ஓடிக்கிட்டே இருக்கிறதை அவனால எடுக்க முடியுமா?"

பதினோரு மணிக்குக் கிளம்பின சென்னை பஸ்ஸில், டிரைவர் சீட்டுக்கு அடியில், மஞ்சள் பைக்குள் வைத்து அந்த டப்பாவை அனுப்பினார்கள். டிரைவரிடம், "சென்னைல இறக்காதீய. அப்படியே திருப்பிக் கொண்டாங்க. வந்ததும் மறுபடி கொண்டு போங்க" என்று சொன்னார்கள். டிரைவர் பழைய ஆள். இவர்களிடம் காரணம் கேட்பதில்லை.

"மூணு. ஃபயர்வாலை எந்தக் காரணத்துக்காகவும் அணைக்கக் கூடாது."

ஃபயர் என்றால் நெருப்பு, வால் என்றால் சுவர் என்று ஆவுடையப்பன் விளக்கினார். நாலு பேரும் நாலு சுவரையும் தடவிப் பார்த்தார்கள். எல்லாம் சில்லென்று இருந்தது.

"அணைக்கக் கூடாதுன்னு எழுதியிருக்காங்க" என்றார் நயினார், குரலைத் தாழ்த்தி. "அப்பன்னா ஏற்கெனவே எரிஞ்சுக்கிட்டு இருந்திருக்கணும்."

"அப்ப யாரோ அணைச்சிருக்கான்!"

"நாம இருக்கும்போதா?"

"பழி நம்ம மேலதான்வே வரும்" என்றார் உக்கிரபாண்டி. "ஜெபக்கனி மேடத்துக்குத் தெரியறதுக்குள்ள பத்த வச்சிரணும்."

எந்தச் சுவர் என்று வாதம் நடந்தது. ஒரு சுவரில் கதவு, ஒன்றில் ஜன்னல், ஒன்றில் ஏசி. மிச்சம் இருந்தது கிழக்குச் சுவர்தான். அதன் பக்கத்தில்தான் சர்வரும் இருந்தது. முதலாளி வீட்டில் கார்த்திகைக்கு வாங்கி வைத்திருந்த அகல் விளக்கு நாற்பதைக் கொண்டுவந்து சுவரோரம் வரிசையாக அடுக்கி, எண்ணெய் ஊற்றிப் பற்ற வைத்தார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆவுடையப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஐந்து நிமிஷத்தில் பாதி விளக்கு அணைந்தது. ஏசிக் காற்று.

"ஏசி அணைக்குது அண்ணாச்சி!"

"அப்ப ஏசியை அணை!"

ஏசியை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு ஒரு விளக்கும் அணையவில்லை. முறை வைத்து எண்ணெய் ஊற்றிக் காத்தார்கள். மறுநாள் விடிந்தபோது நாற்பதும் எரிந்துகொண்டிருந்தன. தாங்கள் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வேலையை முழுசாகச் செய்துவிட்டதாக நாலு பேருக்கும் தோன்றியது. கொம்பையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதில் புகையும் கொஞ்சம் உண்டு.

வியாழக்கிழமை காலை எட்டு மணி. உக்கிரபாண்டி தாளின் அடுத்த வரிக்கு வந்தார்.

"நாலு. சர்வர் சூடாகக் கூடாது."

கொம்பையா சர்வரைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். "அண்ணாச்சி, காய்ச்சல் கொதிக்குது!"

ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தார்கள். நல்ல சூடு. இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று நாற்பது விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"எப்படிச் சுடாம இருக்கும்?" என்றார் ஆவுடையப்பன். "பின்னாடி பாருங்க. இருபது வயரைப் போட்டுச் சுத்தி வச்சிருக்கு. இந்த வெயில்ல உங்களுக்கு இருபது மப்ளர் கட்டிவிட்டா நீங்க என்ன ஆவிய?"

பாவம் என்று எல்லாருக்கும் பட்டது. ஒவ்வொரு வயராக, வலிக்காமல், மெதுவாகக் கழற்றினார்கள். கரண்ட் வயரை நயினார் கடைசியாகக் கழற்றினார். அதுவரை உறுமிக்கொண்டிருந்த பெட்டி அடங்கியது.

"பாத்தியளா, தூங்கிட்டுது" என்றார் கொம்பையா, மெல்ல.

எட்டரைக்கு போன் அடித்தது. சென்னை கவுண்டர். "அண்ணாச்சி! சர்வர் டவுன்!"

உக்கிரபாண்டி திரும்பிப் பார்த்தார். "இல்லையே. சர்வர் ஜங்ஷன்லதான் இருக்கு."

"என்ன அண்ணாச்சி சொல்லுதீங்க? சர்வர் டவுன்! இங்க ஒண்ணுமே வரலை!"

"ஏம்ப்பா, நீ சென்னையில உக்காந்துக்கிட்டு டவுன்லங்கே. நான் பக்கத்துல நின்னுக்கிட்டு ஜங்ஷன்லங்கேன். யாருக்குத் தெரியும்?"

போனை வைத்தார். உடனே மதுரை. பிறகு கோயம்புத்தூர். பிறகு பெங்களூர். எல்லாரும் ஒரே குரலில் சர்வர் டவுன் என்றார்கள். உக்கிரபாண்டிக்கே சந்தேகம் வந்து, ஒருமுறை ஜன்னலைத் திறந்து எதிரே ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். இருந்தது.

"ஏதோ கோளாறு அண்ணாச்சி" என்றார் நயினார். "மேடத்துக்கு ஒரு போன் போட்டுருவோம்."

உக்கிரபாண்டி தாளைப் பார்த்தார். "அஞ்சாவது என்ன போட்டிருக்கு தெரியுமா? 'சர்வர் டவுன் என்றால் மட்டும் எனக்கு போன் செய்யவும்.' மட்டும்னு ரெண்டு கோடு போட்டிருக்காங்க."

நாலு பேரும் சர்வரைப் பார்த்தார்கள். அது ஜங்ஷனில் இருந்தது.

"அப்ப போன் பண்ண முடியாது."

"முடியாது."

"பத்து மணிக்கு புக்கிங்."

மணி எட்டே முக்கால் ஆயிற்று. கீழே கவுண்டரில் ஜனம் சேருகிற சத்தம் கேட்டது. அப்போதுதான், இதுவரை சொந்தமாக ஒன்றும் யோசித்திராத கொம்பையா வாயைத் திறந்தார்.

"அண்ணாச்சி, அப்ப டவுனுக்குக் கொண்டு போயிருவமே?"

உக்கிரபாண்டி எழுந்து அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

வாசலில் மீரான் என்பவருடைய ஆட்டோ நின்றது. மடியில் சர்வரை வைத்துக்கொண்டு, வெயில் படாமல் துண்டு போட்டு மூடி, நாலு பேரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். மீரான், "ஆஸ்பத்திரிக்கா அண்ணாச்சி?" என்று அனுதாபமாகக் கேட்டார். "டவுனுக்கு" என்றார்கள். பாலம் தாண்டினார்கள். டவுன் எல்லை எங்கே தொடங்குகிறது என்பதில் அபிப்பிராய பேதம் வந்தபடியால், சந்தேகமே வேண்டாம் என்று டவுனுக்கு நடுவில் இருக்கிற வாகையடி முக்கு வரைக்கும் போய், நடு ரோட்டில் சர்வரை இறக்கி வைத்துவிட்டு உக்கிரபாண்டி போன் போட்டார்.

அங்கே ஜெபக்கனி வெள்ளைப் பட்டு கட்டி, தலையில் முக்காட்டுத் துணிக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தாள். மணி ஒன்பதே கால்.

"மேடம், சர்வர் டவுன்!" என்றார் உக்கிரபாண்டி வெற்றிக் குரலில்.

அவள் கையிலிருந்த ஊசி கீழே விழுந்தது. "ஐயையோ! எப்ப இருந்து அண்ணாச்சி?"

"இப்பத்தான் மேடம். ரெண்டு நிமிஷம் ஆச்சு."

"லைட் எல்லாம் எரியுதா பாருங்க."

உக்கிரபாண்டி அண்ணாந்து பார்த்தார். "ஒரே ஒரு தெரு விளக்கு மட்டும் பகல்லயே எரியுது மேடம்."

"தெரு விளக்கா? என்ன சத்தம் அது, பஸ் ஹாரன் மாதிரி?"

"பஸ்தான் மேடம். சர்வரைச் சுத்திக்கிட்டுப் போறான். கடைக்காரங்களும் கூடிட்டாங்க."

"அண்ணாச்சி" என்றாள் ஜெபக்கனி, மெதுவாக. "நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

"டவுன்ல."

"சர்வர்?"

"டவுன்ல. நீங்க எழுதினபடிதான்."

ஜெபக்கனி பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லையோ என்று அவளுடைய அத்தை ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள். ஒரு மடக்குக் குடித்துவிட்டு போனில் கத்தினாள். "அசையாதீங்க! நாலு பேரும் அப்படியே அசையாம நில்லுங்க! எதையும் தொடாதீங்க!"

நாலு பேரும் அசையாமல் நின்றார்கள். உக்கிரபாண்டி போனைக் காதில் வைத்தபடி. நயினார் ஒரு காலைத் தூக்கினபடி. ஒரு எட்டு எடுத்து வைக்கப் போகும்போதுதான் உத்தரவு வந்தது. பூக்காரி ஒருத்தி சிலை திறப்பு விழா என்று நினைத்து ஒரு முழம் பூவை ஆவுடையப்பன் கழுத்தில் போட்டுவிட்டுப் போனாள்.

பார்த்துக்கொண்டிருந்த ஆட்டோக்கார மீரான் போனைப் பிடுங்கிப் பேசினார். "அம்மா, நான் ஆட்டோ மீரான். என்னம்மா இது? நாலு பேரும் கட்டை மாதிரி நிக்காங்க."

"அண்ணே, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுதேன். அந்தப் பெட்டியைத் திரும்ப ஆபீசுக்குக் கொண்டு போங்க. வயர்ல ஒரு கலர் ஒட்டியிருக்கும். அதே கலர் ஓட்டையில சொருகணும். அவ்வளவுதான். பத்து மணிக்குள்ள முடியணும்."

"சொருகிருவோம்மா. டிவிக்குப் பின்னாடி நான்தான் சொருகுவேன்."

பெட்டியை ஏற்றுவது சுலபமாக இருந்தது. நாலு பேரை ஏற்றுவதுதான் சிரமம். "ஏறுங்க அண்ணாச்சி" என்றால், உதட்டை அசைக்காமல், "அசையக் கூடாதுன்னு உத்தரவு" என்றார்கள். டீக்கடைக்காரர்கள் இரண்டு பேர் உதவிக்கு வந்து, வாழைத்தார் ஏற்றுகிற மாதிரி ஒவ்வொருவராகப் படுக்க வைத்து ஏற்றினார்கள். நயினாரின் கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு வந்தது. எதிரே வந்தவர்கள் அதைத் திரும்புவதற்கான சிக்னல் என்று நினைத்து ஒதுங்கி வழி விட்டதால், பாலத்தைச் சீக்கிரம் தாண்ட முடிந்தது.

ஜங்ஷன் வந்தபோது ஒன்பது முப்பத்தைந்து. மீரான் மறுபடி போன் போட்டு, "இவங்களை அசையச் சொல்லும்மா" என்று போனை உக்கிரபாண்டியின் காதில் வைத்தார்.

"அசைங்க அண்ணாச்சி!" என்று அழாத குறையாகச் சொன்னாள் ஜெபக்கனி.

நாலு பேரும் இடமும் வலமும் அசைந்தார்கள்.

மீரான் தலையில் அடித்துக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். கதவு உள்ளே பூட்டியிருந்தது. சர்வரையே ஜன்னல் வழியாகத்தான் இறக்கிக் கொண்டுவந்திருந்தார்கள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. ஜன்னல் வழியாகவே போய், விளக்குகளை ஊதி அணைத்து, ஏசியைப் போட்டு, சிவப்புக்குச் சிவப்பு, பச்சைக்குப் பச்சை என்று இருபது வயரையும் சொருகினார். ஃபயர்வால் அணைந்ததைப் பார்த்து ஆவுடையப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கரண்ட் போட்டதும் பெட்டி உறுமியது. திரையில் வெளிச்சம் வந்தது. மணி ஒன்பது ஐம்பது.

"அம்மா, பாஸ்வேர்டு கேக்குது!"

"உறைக்குள்ள வச்சிருக்கேன் அண்ணே, உக்கிரபாண்டி அண்ணாச்சி பைல இருக்கு. அண்ணாச்சி, அந்தப் பாஸ்வேர்டை எடுத்து அடிங்க. குருவானவர் வந்துட்டாங்க, நான் போறேன்." கோயில் மணி கேட்டது. போன் நின்றுவிட்டது.

உக்கிரபாண்டி சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்தார். அந்த உறையாலேயே கம்ப்யூட்டரை ஓங்கி இரண்டு அடி அடித்தார். ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது அடிக்குள் மீரான் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, உள்ள என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க, நான் அடிக்கேன்."

உக்கிரபாண்டி உறைக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். "சொல்ல முடியாது. ஆறாவது: 'பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லவோ காட்டவோ கூடாது.'"

"நான் உதவி செய்ய வந்தவன் அண்ணாச்சி!"

"தெரியும். ஆனா நீங்களும் ஒரு யாருதானே?"

மற்ற மூன்று பேரும் இதை ஆமோதித்தார்கள். மீரான் எத்தனை நல்லவர், அவர் யாரில் சேர்த்தியா இல்லையா என்று விவாதம் தொடங்கியது. மணி ஒன்பது ஐம்பத்து நாலு. கீழே ஜனம் சத்தம் போட்டது. மீரான் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நயினார்தான் வழி கண்டுபிடித்தார். "சொல்லத்தானே கூடாது? காட்டத்தானே கூடாது? நடிக்கக் கூடாதுன்னு எழுதலையே."

உக்கிரபாண்டி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுதவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். பிறகு, அறுபது வயதில், காதுக்குப் பக்கத்தில் இரண்டு முறத்தை ஆட்டுகிற மாதிரிக் கையை ஆட்டி, மூக்குக்கு முன்னால் வலது கையைத் தொங்கவிட்டு, ரூமைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"யானை!" என்று கத்தினார் மீரான், எழுந்து.

யானை தலையை ஆட்டியது. அடுத்து ஏழு விரலைக் காட்டியது. அடுத்து, தலைக்கு மேலே கையை வைத்து விரல்களைச் சொட்டுச் சொட்டாகக் கீழே இறக்கி, குடை பிடித்து, தும்மியது.

"மழை! யானை ஏழு மழை!" மீரான் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி இங்கிலீஷில் தட்டினார். திரை சிவப்பாகி, தவறு என்றது. இன்னும் ஒரே ஒரு தடவைதான், பிறகு ஒரு மணி நேரம் பூட்டிக்கொள்ளும் என்றும் எழுதியது. மணி ஒன்பது ஐம்பத்தெட்டு.

மீரான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பினார். "அண்ணாச்சி, யானைக்கு இங்கிலீஷ்ல ஒரு ஏ போட்டேன். ஒரு ஏ-யா, ரெண்டு ஏ-யா?"

உக்கிரபாண்டி யோசித்தார். எண்ணிக்கையை விரலில் காட்டினால் அது ஏழோடு சேர்ந்து ஒன்பதாகிவிடும் என்று பயந்தார். பிறகு துதிக்கையைத் தூக்கி, எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி, நீட்டினபடியே நின்றார்.

"நெடில்!" என்றார் மீரான். "ரெண்டு ஏ!"

திரை பச்சையானது.

பத்து மணிக்குத் தீபாவளி புக்கிங் திறந்தது. பத்தேகாலுக்குப் பதினாறு பஸ்ஸிலும் ஒரு சீட்டு மிச்சமில்லை. கீழே முதலாளி சிதம்பரவேல் கவுண்டரில் எல்லாருக்கும் அல்வா கொடுத்துவிட்டு, மாடியில் இருப்பவர்களுக்கும் கொடுக்கலாம் என்று ஏறி வந்தார். கரிபிடித்த சுவர், நாற்பது அகல் விளக்கு, ஜன்னலில் உட்கார்ந்து வேர்வை துடைக்கிற முன்பின் தெரியாத ஆட்டோக்காரர், இன்னும் துதிக்கையை இறக்காத உக்கிரபாண்டி எல்லாவற்றையும் பார்த்தார். மீரான் நடந்ததைச் சொன்னார். முதலாளி அல்வாப் பொட்டலத்தை மீரானிடம் கொடுத்துவிட்டார்.

பன்னிரண்டரைக்கு முதலாளிக்குப் போன் வந்தது. ஜெபக்கனி, இப்போது திருமதி. பின்னால் பாட்டுச் சத்தம் கேட்டது. "சார், புக்கிங் ஆயிருச்சா? நல்லவேளை! எதுக்கும் நேத்து எடுத்த பேக்கப் பத்திரமா இருக்கான்னு கேளுங்க."

முதலாளி கேட்டார். உக்கிரபாண்டி, "மணி என்ன?" என்றார்.

"பன்னிரண்டரை."

"அப்ப திரும்பி வர்ற வழியில திருச்சி தாண்டியிருக்கும்."

முதலாளி போனை மெதுவாக மேஜையில் வைத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அப்படிக் கத்தினதில்லை. "உங்க நாலு பேரையும் சொல்லுதேன்! இனிமே கம்ப்யூட்டர் இருக்கிற பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது! ஆமா!"

"சரி மொதலாளி" என்றார்கள் நாலு பேரும், பணிவாக.

மறுநாள் அவர்களை பஸ் நிறுத்துகிற ஷெட்டுக்கு அனுப்பினார். அங்கே கம்ப்யூட்டர் கிடையாது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போலக் கொஞ்சம் கண் அசரலாம் என்று பாயை விரித்தார்கள். மேற்கே தலையை வைக்கப் போன ஆவுடையப்பனை நயினார் தடுத்தார். "மேற்க தென்காசி கவுண்டர் இருக்கு. அங்க ஒரு கம்ப்யூட்டர்."

"அப்ப வடக்க?"

"மதுரைல மூணு இருக்கு."

"தெக்க நாகர்கோவில்ல ஒண்ணு" என்றார் உக்கிரபாண்டி. "கிழக்க பாளையங்கோட்டை. காலேஜு பூரா கம்ப்யூட்டர்."

"வடகிழக்குல?"

"அங்க என் மச்சினன் மகன் வீடு. போன மாசம்தான் வாங்கினான்."

பாயைச் சுருட்டினார்கள்.

மூன்று மணிக்கு முதலாளி ஷெட்டுக்கு வந்தார். சாயங்காலம் புறப்பட வேண்டிய சென்னை பஸ் கழுவித் துடைத்து நின்றுகொண்டிருந்தது. உள்ளேயிருந்து குறட்டைச் சத்தம். ஏறிப் பார்த்தார். நாற்பது சீட்டும் காலி. நடுவில் நாலு பேரும் வரிசையாக நின்றபடி, மேலே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

முதலாளிக்குக் கோபம்கூட வரவில்லை. "ஏன்யா" என்றார், "இத்தனை சீட்டு காலியாக் கிடக்கே. உக்காந்தாவது தூங்கக் கூடாதா?"

உக்கிரபாண்டி ஒரு கண்ணைத் திறந்தார். மற்றவர்கள் எழுந்துவிடக் கூடாதே என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"காலியா? என்ன மொதலாளி இப்படிச் சொல்லுதீய? எல்லாம் நேத்து பத்தேகாலுக்கே தீபாவளிக்கு புக் ஆயிருச்சே. அடுத்தவங்க சீட்டுல நாங்க எப்படி உக்கார?"

சொல்லிவிட்டு, பிரேக் போட்டால் விழுந்துவிடக் கூடாதே என்று இன்னொரு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தூங்க ஆரம்பித்தார்.